எந்த ஹெட்டுல போடறது தம்பி?

1998 மழைக்காலத்தில் எங்கள் பம்ப் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் மூன்று நாள் மைதா பசை காய்ச்சினோம். தீபாவளிக்குப் போஸ்டர் ஒட்டுவதற்கு அல்ல. 3 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயை 5.9 ஆம்பியரில் வைக்க வேண்டும். மேனுவலில் 9.5 என்று அச்சாகியிருந்தது. அந்தக் கணக்கில் வைத்தால் ரிலே ட்ரிப் ஆகாது, மோட்டார் ட்ரிப் ஆகும். அதாவது காயில் கருகிப் போர்வெல்லுக்குள்ளேயே சமாதியாகும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தப்பு என்னுடையது. நான்தான் அந்த டேபிளை டைப் அடித்தவன். எண்கள் இடம் மாறியதை அச்சகத்தார் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்திருக்க வேண்டிய எனக்கு அன்று வேறு மேனுவலில் அவசரம். கட்டைவிரல் அகலத்தில் 5.9 என்று ஸ்டிக்கர் அடித்து, பேக்கிங் அக்காமார் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் 14-ஆம் பக்கத்தைத் திறந்து, பசை தடவி, ஒட்டி, ஊதி, மூடினார்கள். கம்மோடு வரவேண்டிய ஸ்டிக்கர் வெறும் காகிதமாக வந்துவிட்டதால்தான் இந்த மைதா வைபவம். "தம்பி, படிச்சவீங்க தப்புப் பண்ணுனா எங்களுக்கு ஓவர்டைம் கெடைக்குது, நல்லா இருங்க" என்று ஒரு அக்கா வாழ்த்தினார். மனப்பூர்வமான வாழ்த்து.

இந்த வைபவத்துக்கு ஆன செலவை யார் தலையில் எழுதுவது என்ற கேள்வியோடு எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஹெட்மாஸ்டர். கண்டிப்பானவர் என்பதற்காக அல்ல. எந்தத் தாளை நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எந்த ஹெட்டுல போடறது தம்பி?"

ஸ்டிக்கர், ஸ்டேஷனரி ஹெட்டில் போனது. ஓவர்டைம், பேக்கிங் ஹெட்டில். கருகிய மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்த காசு வாரண்டி ஹெட்டில். மைதா கேன்டீனிலிருந்து வந்ததால் அது ஊழியர் நலன். வருடக் கடைசியில் பார்த்தால் டாக்குமெண்டேஷன் என்ற ஹெட்டில் எங்கள் நால்வர் சம்பளமும் இரண்டு கம்ப்யூட்டரின் தேய்மானமும் மட்டும் இருந்தன. கணக்குப்படி நாங்கள் மாசற்றவர்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த டேபிள் 14 மேனுவல்களில் இருந்தது. 11-ஐ நாங்கள் ஞாபகமாகப் பிடித்துவிட்டோம். மிச்சம் மூன்று எங்கே இருக்கின்றன என்பதை அடுத்த இரண்டு வருடங்களில் ஒவ்வொரு மோட்டாரும் கருகி எங்களுக்குத் தெரியப்படுத்தியது.

ஏன் 14 இடத்தில் இருந்தது? சேவ் ஆஸ். அதுதான் எங்கள் குலதெய்வம். புது மாடல் வந்தால் பழைய மாடலின் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்போம், சேவ் ஆஸ் கொடுப்போம், மாடல் நம்பரை மாற்றுவோம், படத்தை மாற்றுவோம், மாற்றவேண்டிய இன்னொன்றை மறந்துவிடுவோம். எங்கள் உழைப்பை அளந்தது பக்கக் கணக்கு. மாதத்துக்கு எத்தனை பக்கம். ஒரு மாதம் நான் 212 பக்கம் காட்டினேன். அதில் நான் உண்மையாக எழுதியது 20 தேறினால் அதிகம். அந்த வருடம் எனக்கு இன்க்ரிமென்ட் கிடைத்தது. பார்த்துப் பார்த்து, வரைபடத்தையும் ஃபவுண்டரியையும் அலைந்து சரிபார்த்து 30 பக்கம் எழுதிய என் சீனியருக்குக் கிடைக்கவில்லை. அன்றைய கம்பெனிகளில் நகலெடுப்பவன் உழைப்பாளி, யோசிப்பவன் சோம்பேறி. இன்றைக்கு அப்படி இல்லை என்று சொல்ல ஆசைதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தன. அங்கே தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் எங்களுக்குக் கை நடுங்கியது. ஆட்சிமொழிகள் 11-லிருந்து 20 ஆகிவிட்டன. இயந்திரம் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் மொழியில் மேனுவல் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மால்டாக்காரர்கள் புண்ணியவான்கள், அங்கே ஆங்கிலமும் ஆட்சிமொழி. மற்றவர்கள் விடுவதாக இல்லை.

"எஸ்டோனியாவுல நாம எத்தனை பம்ப் விக்கறோம்?" ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"நாலுங்க சார்."

"நாலு ஆயிரமா?"

"நாலுங்க சார்."

அவர் மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் கொட்டேஷனை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நாலு பம்பையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு மேனுவல் இல்லாமல் தப்பிக்க வழியுண்டா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

நாங்கள் விற்ற நாடுகளுக்கு ஆங்கிலம் போக 11 மொழி தேவைப்பட்டது. ஒருநாள் உட்கார்ந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துக் கணக்குப் போட்டேன். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதே என்கிற எச்சரிக்கை. ட்ரை ரன் எச்சரிக்கை என்போம். 45 சொல். அது 32 மேனுவல்களில் இருந்தது. 45-ஐ 32-ஆல் பெருக்கி 11-ஆல் பெருக்கினால் 15,840 சொல். சொல்லுக்குச் சுமார் 8 ரூபாய். ஒரு எச்சரிக்கைக்கு 1,26,720 ரூபாய். அதே பத்தியை ஒரே ஒரு இடத்தில் எழுதி, ஒருமுறை மட்டும் 11 மொழிக்கு அனுப்பினால் 495 சொல், 3,960 ரூபாய். இந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பரவசத்தோடு நீட்டினேன்.

ஹெட்மாஸ்டர் கணக்கில் புலி. "தம்பி, மொழிபெயர்க்கறவன் பழசை எல்லாம் மெமரில வெச்சிருப்பான். ஒரே வாக்கியம் திரும்ப வந்தா தள்ளுபடி தருவான். கொட்டேஷன்லயே போட்டிருக்கான் பாருங்க."

உண்மை. போட்டிருந்தான். தள்ளுபடி மட்டும் எங்களுக்கு எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை. ஏன் என்று 32 மேனுவலையும் பரப்பி, மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் அந்த வாக்கியத்தைக் கோடிட்டுக்கொண்டே வந்தேன். ஓட்டாதே என்று ஒன்றில், ஓட்டக்கூடாது என்று ஒன்றில், ஓட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது என்று ஒன்றில், தண்ணீர் இருப்பதை உறுதிசெய்தபின் ஓட்டவும் என்று வேறொன்றில். மொத்தம் ஒன்பது விதம். விஷயம் ஒன்றுதான், மெமரிக்கு அவை ஒன்பது வாக்கியம், ஒன்பதுக்கும் காசு. அந்த ஒன்பதில் ஐந்து நான் எழுதியவை. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதினால் சலிப்புத் தட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது சொல்லுக்கு 8 ரூபாய் வீதம் வேலை செய்துகொண்டிருந்தது.

மொழிபெயர்ப்போடு விடுமா? ஜெர்மனுக்குப் போன வாக்கியம் ஊதும். ஆங்கிலத்தில் அரைப்பக்கத்தில் அடங்கியது ஜெர்மனில் படத்தைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்கு வழியும். ஒவ்வொரு மொழிக்கும் பக்கம் பக்கமாக மறுபடி அடுக்கவேண்டும், அதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. அப்போது நாங்கள் ஃபிரேம்மேக்கருக்கு மாறியிருந்தோம். அதற்கு யூனிகோடு 2007-இல், எட்டாவது பதிப்பில்தான் வந்தது. அதுவரை போலிஷுக்கு ஒரு ஃபாண்ட், ரஷ்யனுக்கு ஒரு ஃபாண்ட். ஃபாண்ட் ஏறாத கம்ப்யூட்டரில் திறந்தால் ரஷ்யா முழுக்கக் கிறுக்கலாக இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து அப்போதே இருந்தது. எழுத்தின் அலங்காரத்தை ஒதுக்கிவிட்டு, இது தலைப்பு, இது படி, இது எச்சரிக்கை என்று அதன் வேலையைச் சொல்லி அடையாளமிடும் யோசனை ஐபிஎம்மில் 1969-இலேயே பிறந்தது. கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்று மூன்று பேர். ஜிஎம்எல் என்று பெயர் வைத்தார்கள். மூவரின் முதலெழுத்தும் அதற்குள் வருவது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். அதன் பேரன்தான் 1998-இல் வந்த எக்ஸ்எம்எல். நாங்கள் மைதா காய்ச்சிய அதே வருடம். மேனுவல் எழுதுகிறவர்களுக்கென்றே ஐபிஎம் உருவாக்கிய டிட்டா, 2005-இல் பொதுத்தரம் ஆனது. அதில் டி என்பது டார்வின். ஒன்றிலிருந்து ஒன்று குணங்களை வாங்கிக்கொண்டு கிளைக்கும் என்பதால் அந்தப் பெயர். செய்முறை தனித் துண்டு, விளக்கம் தனித் துண்டு, அட்டவணை தனித் துண்டு. எச்சரிக்கை ஒரே ஃபைலில் இருக்கும். 32 மேனுவலும் அதைச் சுட்டிக்காட்டும். திருத்த வேண்டுமென்றால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

இதைச் சொல்லி நான் போட்ட பவர்பாயிண்ட்டுகள் மூன்று வருடம் மூன்று முறை திரும்பி வந்தன. சாஃப்ட்வேர் லைசென்ஸ் இவ்வளவு, பழைய ஃபைல்களை மாற்ற இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று புது வழியின் செலவு மொத்தமும் ஒரே தாளில் பளிச்சென்று இருந்தது. பழைய வழியின் செலவு ஸ்டேஷனரி, பேக்கிங், வாரண்டி, எக்ஸ்போர்ட், ஊழியர் நலன் என்று ஐந்து லெட்ஜரில் ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எவனும் பழசையே தேர்ந்தெடுப்பான். நானே தேர்ந்தெடுத்திருப்பேன். "யோசனை நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா எந்த ஹெட்டுல போடறது?"

விடிவு ஃபவுண்டரியில் பிறந்தது. ஒரு படம் சரிபார்க்கப் பேட்டர்ன் ஷாப்புக்குப் போயிருந்தேன். ஸ்டாக் எடுக்க ஹெட்மாஸ்டரும் வந்திருந்தார். பேட்டர்ன் ஆசாரி தேக்கில் செய்த பம்ப் கேஸிங் பேட்டர்னை மடியில் வைத்துக்கொண்டு, ஃபிளேஞ்ச் பக்கம் 2 மில்லி குறைப்பதற்காக உளியால் மெல்லச் சீவிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல். வார்ப்பு ஆறும்போது இரும்பு சுருங்கும் என்று பேட்டர்னை நூற்றுக்கு ஒன்று பெரிதாகச் செய்வார்கள். அதற்கென்றே தனி அளவுகோல் அவர் காதோரம் செருகியிருந்தது. இரும்பு ஆறினால் சுருங்குகிறது, இங்கிலீஷ் ஜெர்மனுக்குப் போனால் ஊதுகிறது என்று எனக்குள் ஓடியது.

"சார், ஆசாரி இந்த மரத்துல 2 மில்லி சீவுனா எத்தனை கேஸிங் சரியாகும்?"

"இதுல வார்க்கற அத்தனையும்."

"நம்ம மேனுவல்ல ஒரு நம்பரைத் திருத்தணும்னா அச்சாகி வந்த அத்தனை கேஸிங்கையும் ஒண்ணொண்ணா அரம் போட்டு ராவறோம் சார். நான் கேக்கறது வாக்கியத்துக்கு ஒரு பேட்டர்ன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆசாரி கையிலிருந்த பேட்டர்னை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஸ்டாக் நம்பர் எழுதியிருந்தது. "இது பேட்டர்ன் அண்ட் டூலிங்," என்றார் தனக்குத்தானே. "கேப்பிடல் ஐட்டம். தேய்மானம் போடலாம்."

2010-இல் டார்வினின் பெயர் தாங்கிய அந்த அமைப்பு, கேஸிங் பேட்டர்ன்களுக்கும் இம்பெல்லர் டைகளுக்கும் நடுவில் ஒரு வரியாக எங்கள் சொத்துப் பதிவேட்டில் ஏறியது. பரிணாம வளர்ச்சி என்றால் இதுதான்.

முதல் வருடம் ஒரு பைசா மிச்சமாகவில்லை. இதை என் பவர்பாயிண்ட்டில் நான் எழுதவில்லை. ஃபைல்களை எக்ஸ்எம்எல் ஆக்கிக் கொடுக்கச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிகள் உண்டு, வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சுத்தமாக மாற்றித் தந்தார்கள். ஒன்பது விதமான எச்சரிக்கை, ஒன்பது விதமாகவே, டேக் போட்டு அழகாக வந்து சேர்ந்தது. ஒன்பதில் எதை வைத்துக்கொள்வது, எட்டை எப்படிக் கழிப்பது என்பதை யாருக்கும் கான்ட்ராக்ட் விட முடியாது. நாங்கள்தான் எட்டு மாதம் உட்கார்ந்து வீடு ஒழித்தோம். பக்கத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அடுக்கி வாழ்ந்த என் சீனியருக்கு எழுத்து எங்கே உட்காரும் என்பதை ஸ்டைல்ஷீட் முடிவுசெய்வது பிடிக்கவில்லை. "சமைக்கறது நானு, எலையில பரிமாறறது மெஷினா?" என்று கேட்டுவிட்டு விருப்ப ஓய்வில் போனார். அவரை இழந்ததற்கு எந்த ஹெட்டும் இல்லை.

இரண்டாம் வருடம் மொழிபெயர்ப்பு பில் பாதிக்கும் கீழே இறங்கியது. பக்கம் அடுக்கும் கூலி ஏறக்குறைய காணாமலே போனது. என்னை மேடையில் ஏற்றிச் சந்தன மாலை போட்டார்கள். மறுவாரம், சீனியர் இருந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டாம் என்று முடிவானது. மிச்சம் வந்தால் அப்படித்தான். அடுத்த வருட பட்ஜெட்டில் மிச்சமான தொகையை அப்படியே கழித்துவிட்டார்கள். சேமித்தவனுக்குச் சேமிப்பில் பங்கு உண்டு என்று எந்தப் பைத்தியக்காரன் நினைத்தான்? நான்தான்.

இதில் தமிழின் கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பம்பை அதிகம் வாங்கியவர்கள் எஸ்டோனியர்கள் அல்லர், பல்லடத்து விவசாயிகள். தமிழ் மேனுவலை நான் சம்பளத்தோடு சேர்த்து எழுதிவந்தேன். ஆகவே தமிழுக்கு மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. செலவு இல்லாததால் சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாததால் திட்டத்தில் தமிழ் இல்லை. ஃபைல் பழைய ஃபாண்டில் இருந்தது, புது அமைப்பில் திறந்தால் மந்திரவாதி எழுதிய தகடுபோல் தெரியும். லாத்வியனில் ஒரே இடத்தில் திருத்தப்பட்ட எச்சரிக்கை, தமிழில் பல வருடம் சேவ் ஆஸிலேயே ஓடியது.

பக்கக் கணக்கு என்ன ஆயிற்று என்றால், ஒழிந்தது. அதற்குப் பதில் மறுபயன்பாட்டுச் சதவீதம் வந்தது. பழைய துண்டுகளை எவ்வளவு எடுத்தாள்கிறாயோ அவ்வளவு நல்லவன். பையன்கள் விவரமானவர்கள். ஒரு புது மாடலுக்கு 90-க்கு மேல் காட்டினான் ஒருவன். திறந்து பார்த்தால், வீட்டுச் சம்ப்பில் வைக்கிற அரை ஹெச்பி மோனோபிளாக்குக்குப் போர்வெல்லில் இறக்கும் முன் கயிற்றைச் சோதிக்கவும் என்று இருந்தது. அவனுக்கும் இன்க்ரிமென்ட் கிடைத்தது. 212 பக்கம் காட்டியவன் அவனைத் திட்ட முடியுமா?

ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் இப்போதும் உண்மையைச் சொல்வேன்: ஒரே மொழி, நாலைந்து மேனுவல் என்றால் இந்த வம்பே வேண்டாம், சேவ் ஆஸும் கவனமும் போதும். மொழி ஏற ஏற, மாடல் ஏற ஏறத்தான் பேட்டர்ன் கட்டுப்படியாகும். இப்படிப் பேசினால் யாரும் கன்சல்டன்ட்டாகக் கூப்பிடமாட்டார்கள். ஆனாலும் கூப்பிடுகிறார்கள், ஏஐ வந்துவிட்டதால். போன வருடம் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி பேசினார். வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்ல சாட்பாட் வைத்தார்களாம். அது ஒரே ரிலேக்கு மூன்று விதமான ஆம்பியர் சொல்கிறதாம். புதிதாக வாங்கிச் சேர்த்த ஒரு கம்பெனியின் பிடிஎஃப்களை அப்படியே அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். "ஸ்ட்ரக்சர்ட் கன்டென்ட்டுன்னு ஒண்ணு இருக்குதாமுங்க சார், அதுக்கு ஒரு பிசினஸ் கேஸ் வேணும்" என்றார். 2008-இல் போட்ட பவர்பாயிண்ட்டை எடுத்து, வருடத்தை மாற்றி, மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் ஏஐ என்று போட்டு அனுப்பினேன். நான் எழுதியதிலேயே அதிகம் மறுபயன்பாடு கண்டது அதுதான். சேவ் ஆஸ் கொடுத்துத்தான் செய்தேன்.

ஐரோப்பாவும் இறங்கி வந்துவிட்டது. 2023-இல் வந்த புதிய இயந்திர விதி 2027 ஜனவரி 20 முதல் அமலாகிறது. மேனுவலை டிஜிட்டலாகவே கொடுக்கலாம், வாங்கும்போது கேட்பவருக்கு ஒரு மாதத்துக்குள் இலவசமாகக் காகிதத்தில் கொடுக்க வேண்டும். உள்ளூரில் அதற்கும் முன்பே, பெட்டிக்குள் ஒரு அட்டையும் ஒரு க்யூஆர் கோடும்.

அந்த அட்டையோடு ஒரு மோனோபிளாக் போன மாதம் என் வீட்டுக்கு வந்தது. பிளம்பர் சம்ப் ஓரத்தில் சிமெண்ட் மேடை போட்டு, மோட்டாரை ஏற்றி வைத்தார். ஒருபக்கம் ஆடியது. பெட்டியைத் தலைகீழாகத் தட்டினார். அட்டை விழுந்தது. எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்ணா இது, ஒத்தை அட்டையப் போட்டு அனுப்பியிருக்கறானுங்க. முன்னெல்லாம் புக்கு நல்லா தடியா வரும். சிமெண்ட் காயற வரைக்கும் அடியில அணை குடுக்கறதுக்கு அதுதானுங் தோது." பிறகு நம்பிக்கையோடு கேட்டார்: "வீட்டுல பழைய மேனுவல் ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

உள்ளே போய்த் தேடினேன். அலமாரியின் கீழ்த்தட்டில், 1998-ஆம் வருடத்தது, மைதாவைத் தேடி வந்த பூச்சி கொஞ்சம் தின்றதுபோக மிச்சம் இருந்தது. 14-ஆம் பக்கத்தைத் திறந்தேன். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாக மடித்துச் செருகினார். ஆட்டம் நின்றுவிட்டது.